கடல் வற்றிய வெள்ளிக்கிழமை: சௌத்எண்டுக்கு ஒருநாள் பயணம்

இந்தக் கட்டுரையில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். நேரம், செலவு, தூரம் எல்லாவற்றையும் அன்றைக்கே கொப்பியில் குறித்துக்கொண்டேன். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் கையெழுத்துச் சஞ்சிகைக்கு விடுமுறைப் பயணம் ஒன்றைப் பற்றி எழுதித் தரும்படி ஆசிரியை கேட்டார். மற்றவர்கள் பாரிஸ், சுவிஸ் என்று எழுதக்கூடும். நாங்கள் இருக்கும் கிழக்கு லண்டன் பார்க்கிங் (Barking) பகுதியிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய கடற்கரையைப் பற்றி எழுதினால் கூடுதலான குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நினைத்தேன். என் மாமாவின் பெயரையும் அவர் நிற்கும் நாட்டையும் மட்டும் எழுத வேண்டாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அது பொய்யல்ல, எழுதாமல் விடுவதுதான்.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி. இந்த 1991 ஜூலைக் கடைசியில் ஆட்களைக் கள்ளமாக எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரர் ஒருவர் மூலம் கொழும்பிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டார். வழியில் ஒருமுறை ரெலிபோன் எடுத்தார். பிறகு பதினொரு நாளாக ஒரு செய்தியும் இல்லை. தம்பியின் குரலைக் கேட்கும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை என்று அம்மா விம்பிள்டன் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருந்தார். மச்சம் என்ன, சோறே அரைக் கோப்பையாகக் குறைந்துவிட்டது. நாள் முழுவதும் ரெலிபோனுக்குப் பக்கத்தில், மாடிப்படியின் மூன்றாவது படியில் உட்கார்ந்திருப்பார்.

பெற்றோல் நிலையத்தில் வேலை செய்யும் அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தது. வியாழன் பின்னேரம் அவர் அந்தப் படிக்கு முன்னால் வந்து நின்றார்.

"இஞ்சேர், நாளைக்குச் சௌத்எண்டுக்குப் போவம். கடற்காத்துப் பட்டா உமக்குப் பசிக்கும்."

"உங்களுக்கு விசரே? போன் வந்தா ஆர் எடுக்கிறது?"

"மேல் வீட்டுச் செல்வி வந்து இருப்பா. நான் கேட்டிட்டன்."

"அப்ப எல்லாம் முடிவெடுத்துப்போட்டுத்தான் என்னட்டைக் கேக்கிறியள்."

"வேற என்னெண்டு உம்மை அந்தப் படியிலயிருந்து எழுப்பிறது?"

சௌத்எண்ட் பற்றி அப்பா அடிக்கடி சொல்லுவார். 1984இல் தனியாக லண்டனுக்கு வந்த முதல் கோடையில், தொழிற்சாலையில் கூட வேலை செய்த வெள்ளைக்காரர்கள் அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனார்களாம். தாளில் சுற்றிய உருளைக்கிழங்குச் சிப்ஸ், அதன்மேல் புளிப்பான வினாகிரி, கடலைப் பார்த்தபடி உட்கார ஒரு வாங்கு. இந்த நாட்டில் முதன்முதல் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான் என்பார். ஏழு வருடமாக அவர் திரும்பிப் போகவில்லை.

காலை 9.42க்குப் பார்க்கிங்கில் ரெயில் ஏறினோம். ஒருநாள் திரும்பு ரிக்கெற் பெரியவர்களுக்கு ஐந்து பவுண்ட் இருபது, எனக்குப் பாதி. தூரம் ஏறத்தாழ இருபத்தெட்டு மைல். ஜன்னல் இருக்கை வேண்டுமானால் வலப்பக்கம் உட்காருங்கள், கடைசிப் பதினைந்து நிமிடமும் தண்ணீர் தெரியும். அம்மா அந்தப் பக்கம்தான் இருந்தார். ஆனால் தன் கைப்பையில் இருந்த பத்துப் பென்ஸ் நாணயங்களையே தடவிக்கொண்டிருந்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு ரெலிபோன் எடுப்பது என்பது ஒப்பந்தம். அரை நிமிடத்துக்கு மேல் கதைக்கக்கூடாது. நாங்கள் கதைக்கும் அரை நிமிடத்தில் மாமா எடுத்தால் லைன் பிஸியாக இருக்குமே.

10.31க்கு இறங்கினோம். ஸ்ரேசன் வாசலில் இருந்த ரெலிபோன் பெட்டி வேலை செய்தது.

"ஒண்டும் வரேல்லை அக்கா. நீங்கள் போய்க் கடலைப் பாருங்கோ" என்றார் செல்வி அன்ரி.

ஸ்ரேசனிலிருந்து கடற்கரைக்கு நடந்து பத்து நிமிடம், முழுக்க இறக்கம். (திரும்பி வரும்போது அது ஏற்றம் என்பதை மறக்க வேண்டாம்.) நாங்கள் போன நேரம் தண்ணீர் கரைக்குக் கிட்ட இருந்தது. எங்களைப் போல வீட்டிலிருந்து பைகளோடு வந்த ஆங்கிலக் குடும்பங்கள் காற்றுக்கு மறைப்பாகத் துணி கட்டி, அதற்குள் குளிர் அங்கியோடு உட்கார்ந்து ஜாம் பூசிய பாண் சாப்பிட்டார்கள். யாரும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு தகப்பன் ஒன்றரை மணித்தியாலமாக ஒரே குழியைத் தோண்டினார். சாய்வுக் கதிரை அறுபது பென்ஸ் என்பதால் நாங்கள் சுவரில் இருந்தோம், சுவர் இலவசம். 12.30க்கு எடுத்தபோதும் செய்தி இல்லை.

ஒரு மணிக்கு அப்பா தன் பழைய கடையைத் தேடினார். அது இல்லை. பக்கத்துத் தெருவில் இன்னொன்று இருந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சைவம். ஆகவே கொட் மீன் பொரிந்துகொண்டிருந்த தட்டை அப்பா பிரியாவிடை கொடுப்பதுபோலப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

"மீன் பொரிச்ச தாச்சியில கிழங்கையும் பொரிக்கினமோ எண்டு கேள் பிள்ளை" என்றார் அம்மா.

நான் கேட்டேன். கடைக்காரப் பெண் சிரித்தபடி, மீனுக்கு ஒரு தாச்சி, சிப்ஸுக்கு வேறு தாச்சி என்று காட்டினார். உண்மையாகவே இரண்டு இருந்தன. சிப்ஸ் எழுபது பென்ஸ், ஒரு பொதி இருவருக்குப் போதும். மசித்த பச்சைப் பட்டாணி முப்பது பென்ஸ், பார்க்கப் பயங்கரம், மிளகு போட்டால் நல்ல ருசி. இரண்டு பொதியும் பட்டாணியும் வாங்கிக்கொண்டு வாங்கில் இருந்தோம்.

1.05க்கு அம்மா முதலாவது சிப்ஸை எடுத்தார். பிறகு நிறுத்தவேயில்லை. விரலில் ஒட்டிய உப்பையும் விடவில்லை.

"இதுக்கு ஒரு பச்சைமிளகாய்ச் சம்பல் இருந்தா..." என்றார்.

அப்பா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். பதினொரு நாளில் அம்மா சாப்பாட்டை ஆசைப்பட்டுச் சொன்ன முதல் வசனம் அது.

இன்னும் கொஞ்சம் வினாகிரி விட்டுக்கொண்டு வர நான் கடைக்குப் போனேன். அப்போது மணி 1.25. வினாகிரிப் போத்தலுக்கு மேலே, சுவரில், நீல எழுத்தில் ஒரு பலகை: நாங்கள் மிகச் சிறந்த மாட்டுக்கொழுப்பிலேயே பொரிக்கிறோம். மறைத்து வைத்ததல்ல, பெருமையாக எழுதியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கே இதைத்தான் பாணில் பூசிச் சாப்பிட்டார்கள் என்று நூலகப் புத்தகம் ஒன்றில் வாசித்திருக்கிறேன். நாங்கள் மீனைப் பற்றிக் கேட்டோம், அவர் மீனைப் பற்றிச் சரியாகவே பதில் சொன்னார். கொழுப்பைப் பற்றி நாங்கள் கேட்கவேயில்லை. எங்கள் வீட்டில் பொரிப்பதென்றால் எண்ணெயில்தான். வேறு எதிலும் பொரிப்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

நான் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப ஏழு வருசத்துக்கு முந்தி நான் திண்டதும்... சரி. அம்மாட்டைச் சொல்லாத."

"நேர்த்தியெல்லோ அப்பா?"

"தெரியாமச் சாப்பிட்டதுக்குப் பிள்ளையார் கோவிக்கமாட்டார். தெரிஞ்சா கொம்மா இனிப் பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டா. வாயைத் திறவாத."

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் யோசனை நிற்கவில்லை. மாமா அந்த நேரம் ஏதாவது எல்லையில் லொறிக்குள் படுத்திருந்தால்? அம்மா சாப்பிட்ட அந்த நிமிடத்திலேயே யாராவது லொறிக் கதவைத் திறந்தால்? நான் பாடசாலையில் விஞ்ஞானத்தில் முதலாம் பிள்ளை. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கொப்பியில் 1.05 என்ற குறிப்பின் கீழே கோடு போட்டேன்.

2.30க்குக் கடற்கரைப் பெட்டியில் எடுத்தோம். அது காசை விழுங்கியது, சத்தம் இல்லை. அடுத்த பெட்டி கார்ட் மட்டும் ஏற்கும். மூன்றாவதில் வயரே இல்லை. அம்மா, காசை விழுங்கிய பெட்டிக்கே திரும்பிப் போய் அதைக் கையால் அடித்தார். அவர் எதையும் அடித்து நான் பார்த்ததில்லை. என்னால் தாங்க முடியவில்லை. 2.45க்கு, அந்தப் பெட்டி வாசலிலேயே, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நீ எப்ப பாத்தனி?"

"ஒண்டு இருபத்தஞ்சுக்கு."

"இவ்வளவு நேரமும் வாயை மூடிக்கொண்டு இருந்தனியோ?" அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் தெரியும், என்ன?"

அப்பா கடலைப் பார்க்கத் தொடங்கினார்.

"கடலைப் பாத்தது காணும். தீட்டுப்போக நான் கடலில தலை முழுகவேணும். வாங்கோ."

"இஞ்சேர்," என்றார் அப்பா மெதுவாக, "கடலைக் காணேல்லை."

அவர் விளையாட்டாகச் சொன்னதல்ல. காலையில் தண்ணீர் இருந்த இடத்தில் சேறு. சேற்றில் சரிந்து கிடக்கும் படகுகள். அதற்கு அப்பால் இன்னும் சேறு. கண்ணுக்கு எட்டிய கோட்டில் மட்டும் ஏதோ மினுங்கியது. இங்கே வற்றுப்பெருக்கில் கடல் ஒரு மைலுக்கு மேல் உள்வாங்கும் என்பது எனக்குத் தெரியாது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். சேற்றில் இறங்கப் போகிறார் என்று பயந்து, கடலுக்குள் நீண்டு போகும் பாலத்து நுனியில் தண்ணீர் இருக்கும் என்று கத்தினேன்.

சௌத்எண்டின் கடற்பாலம் ஒன்றேகால் மைலுக்குச் சற்று அதிகம். அதன்மேல் ஒரு குட்டி ரெயில் ஓடுகிறது, பெரியவர்களுக்கு ஒரு பவுண்ட் அறுபது. 3.05க்கு ஏறினோம்.

நுனியில் தண்ணீர் இருந்தது, ஆனால் மிகக் கீழே. இறங்கும் படிக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு முதிய ஆங்கிலேயர் அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் காலடியில் கயிறு கட்டிய ஒரு வாளி. அம்மா அந்த வாளியையே பார்த்தார்.

"அதுக்குள்ள மீன் கிடந்ததோ எண்டு கேள்."

நான் கேட்டேன். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "காலை ஏழு மணியிலிருந்து இதற்குள் ஒரு மீனும் வரவில்லை, கண்ணே. அதுதானே என் கவலை!"

எங்களுக்குக் கடல் தண்ணீர் வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். அம்மாவின் தலைக்கு என்றேன். அவர் அம்மாவை மேலும் கீழும் பார்த்து, "ஏன், தீப்பிடித்துவிட்டதா?" என்றார். ஆனாலும் வாளியை இறக்கி, நிறைய அள்ளி, இரண்டு கையாலும் இழுத்துத் தந்தார். அம்மா கொண்டையை அவிழ்த்து, கிழக்குப் பக்கம் திரும்பி நின்று, சேலையோடும் கார்டிகனோடும் அப்படியே தலையில் கவிழ்த்தார். பல்லுக் கிடுகிடுத்தது. "இன்னொண்டு" என்றார். மூன்று வாளி. சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். நான் அவர்களைத் திருப்பிப் பார்த்தேன்.

முதியவர் தன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு தாளில் சுற்றிய பிரெட் புடிங் ஒரு துண்டு. பழைய பாண், முந்திரிகை வற்றல், சீனி, வாசனைத் தூள் எல்லாம் சேர்த்து அவருடைய மனைவி சுட்டது. கை நீட்டிய அம்மாவைத் தடுத்து, என்ன கொழுப்பு என்று கேட்டேன். மாட்டுக்கொழுப்புத்தான், அது இல்லாமல் புடிங்கா என்றார்.

"அம்மா, இதுவும் மாடு."

அம்மா துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஈரத் தலையோடு சிரித்துவிட்டார். "இந்த நாட்டில மாட்டைப் போடாம என்னதான் செய்யினம்? தேத்தண்ணி நல்லாயிருக்கெண்டு சொல்லு."

4.20க்கு ஸ்ரேசன் பெட்டியில் எடுத்தோம். செல்வி அன்ரி கத்தியது எனக்கும் கேட்டது.

"எங்க அக்கா போனனீங்கள்? தம்பி எடுத்தவன்! சுகமா நிக்கிறானாம். ஏழு மணிக்குத் திரும்ப எடுப்பானாம்."

"எத்தினை மணிக்கு எடுத்தவன்?"

"ஒண்டு பத்துக்கு."

நான் கொப்பியைப் பார்த்தேன். ரெயிலில் அப்பாவும் அதை எட்டிப் பார்த்தார்.

"ஒண்டு அஞ்சுக்குச் சாப்பிடத் தொடங்கினவ, ஒண்டு பத்துக்குப் போன் வந்திருக்கு. அடுத்தமுறை நேர்த்தியை மாத்தி வைச்சுப் பாரும்."

அம்மா பார்த்த பார்வையில் அப்பா பார்க்கிங் வரைக்கும் ஜன்னலோடு இருந்தார். இதற்கு என்ன விளக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. நேரங்கள் சரியானவை என்பது மட்டும் தெரியும்.

5.50க்கு வீடு. அம்மா தலையைத் துவட்டிவிட்டு மூன்றாவது படியில் இருந்தார். அந்த நேரத்தில் நான், சௌத்எண்டுக்குப் போகிறவர்களுக்கான குறிப்பை எழுதினேன். வற்றுப்பெருக்கு நேரத்தை முதல்நாளே விசாரியுங்கள். கடலில் குளிக்க நினைப்பவர்கள் பெருக்கு நேரத்துக்குப் போங்கள், சேற்றில் தூரம் நடக்காதீர்கள். சைவக்காரர்கள் எந்தத் தாச்சி என்று கேட்பதோடு நிறுத்தாமல் எந்தக் கொழுப்பு என்றும் கேளுங்கள், எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் உண்டு. ரெலிபோன் கார்ட் ஒன்று கொண்டு போங்கள். மாற்று உடுப்பும் துவாயும் கட்டாயம். மூவருக்கும் ரெயில், பாலம், சாப்பாடு எல்லாம் சேர்த்து இருபது பவுண்டுக்குள் முடிந்தது.

ஏழு மணி ஆனது. ரெலிபோன் அடிக்கவில்லை. ஏழு பத்து. அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தை முழுக்கக் குறைத்தார். ஏழு இருபதுக்கு அம்மா ரிசீவரைத் தூக்கி, லைன் இருக்கிறதா என்று பார்த்து, உடனே பயந்து வைத்தார். 7.26க்கு அடித்தது.

"எங்கையடா போனனீ?" அம்மா இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக் கத்தினார். அங்கால் மாமாவின் சத்தம், சின்னதாக, ஆனால் அவருடையதுதான். "சாப்பிட்டியோ? ... ஓம், நான் சாப்பிட்டனான். ... சிப்ஸ். ... ஓமடா, வயிறு நிறைய."

நான்கு நிமிடத்தில் அங்கே காசு முடிந்துவிட்டது. மாமா இன்னும் வந்து சேரவில்லை. இன்னும் எல்லைகள் இருக்கின்றன. நேர்த்தி முடிந்ததா என்று அம்மாவிடம் கேட்டேன். வந்து சேருமட்டும் வெள்ளியோடு செவ்வாயும் விரதம் பிடிப்பம் என்றார். என்னோடு கோபமா என்று கேட்டேன். "பாத்த உடன சொல்லியிருக்கவேணும்" என்றார் அம்மா. அது சரி.

அந்தப் பதினொரு நாளும் ரெலிபோனுக்கு மேலே எரியும் முன்கூடத்து ஹோல் விளக்கை அணைக்க அம்மா யாரையும் விடவில்லை, இருட்டில் யாராவது தடக்கி விழுந்து போனை எடுக்கப் பிந்திவிடுமாம். படுக்கப் போகும்போது அவருடைய கை சுவிட்சில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவரே அதை அணைத்தார்.