கியர் பெட்டியில் ஆற்றுத் தண்ணீர்

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. ஆனால் நடந்தது. என் பெயர் வெள்ளியங்கிரி. குமாரபாளையத்தில் போர்வெல் மோட்டார் ரிப்பேர் செய்கிறேன். போன ஐப்பசியில், ஒரு வியாழக்கிழமை மதியம், என் பட்டறையில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் அண்ணன் குணசீலன் காவிரியில் குளிக்கப் போய் அன்றோடு மூன்று நாள். உடல் கிடைக்கவில்லை. பரிசலில் தேடியவர்களால் நீரோட்டத்தை எதிர்த்துப் போக முடியவில்லை. அண்ணனின் கூட்டாளி ஆனந்தகுமார் எங்கிருந்தோ ஒரு பழைய படகு மோட்டாரைக் கொண்டுவந்தார். முப்பது வருடப் பழசு. கியர் போட்டால் கரகரவென்று சத்தம். சரிசெய்து தந்தால் இருட்டுவதற்குள் தேடிவிடலாம் என்றார். எனக்கு அழுகை வரவில்லை. ஸ்பேனரை எடுத்தேன்.

மணி 3.10. கியர் பெட்டியின் அடித் திருகைக் கழற்றினேன். ஆயில் பால் கலந்த டீ மாதிரி வந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது. மொத்தமும் வடித்தேன். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீல்களை மாற்றினேன். காற்றடித்துப் பத்து நிமிடம் வைத்துப் பார்த்தேன். அழுத்தம் இறங்கவில்லை. புது ஆயில் நிரப்பி மூடினேன். மோட்டார் ஸ்டாண்டில்தான் நின்றது. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை.

4.25. டக்... டக்... உள்ளிருந்து யாரோ தட்டுகிற மாதிரி. மோட்டார் ஓடவில்லை.

திருகைத் தளர்த்தினேன். தண்ணீர். மணல் கலந்த ஆற்றுத் தண்ணீர்.

அந்தப் பெட்டி அரை லிட்டர்கூடக் கொள்ளாது. பக்கெட் நிறைந்தது. இன்னொன்று வைத்தேன். அதுவும் நிறைந்தது...

ஆனந்தகுமார் சுவரோடு ஒட்டி நின்றார்.

"மூடாத சாமி. அது பாட்டுக்குப் போவட்டும்."

"நேரமாவுதுங்ணா."

டக்... டக்... டக்...

எனக்குப் பயம்கூட வரவில்லை. உடம்பெல்லாம் மரத்திருந்தது. திருகை வைத்து, பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன்.

சத்தம் நின்றது.

மணி 4.50.

மோட்டாரை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், அங்கே நின்ற ஒரு படகில் மாட்டினோம். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. 5.50க்கு, பாலத்துக்குக் கீழே பாறை இடுக்கில் அண்ணன் கிடைத்தார்.

மறுநாள் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அண்ணன் காணாமல் போனது என்றைக்கு என்று இரண்டு முறை கேட்டார். திங்கட்கிழமை என்றேன்.

"இது மூணு நாள் தண்ணில கெடந்த உடம்பு இல்லைங்க. நீங்க கண்டுபிடிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வரைக்கும் உயிர் இருந்திருக்கு."