பொதியில் ஓர் ஓட்டை

சம்பளமில்லாமல் நான் பார்த்துவரும் வேலை ஒன்று உண்டு. பல நாடுகளில் இலவசமாகப் பயன்படுத்தும் ஓர் இயங்குதளத்தில், சுருக்கிக் கட்டிய கோப்புகளைப் பிரித்துவைக்கும் ஒரு சிறிய மென்பொருள் பொதி இருக்கிறது. அதைப் பராமரிப்பவள் நான். கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் உட்கார்ந்துதான் அதைச் செய்கிறேன். கொழுந்து லோரி ஓட்டி ஓய்வுபெற்ற அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை.

“யாருமா ஒனக்கு மேனேஜர்?”

“யாரும் இல்லப்பா.”

“அப்ப யாரு வேலைய விட்டுத் தூக்குவா?”

“யாராலயும் தூக்க முடியாது.”

“கெவர்மெண்டு வேலைலா அது” என்று முடிவுகட்டினார்.

ஒரு நாள் காலை, முன்பின் தெரியாத வெளிநாட்டுப் பெண் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. என் பொதியில் ஓட்டை இருக்கிறது என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார். கட்டைப் பிரிக்கும்போது, உள்ளே இருக்கும் கோப்பின் பெயர்தான் அது போய் உட்கார வேண்டிய இடத்தைச் சொல்லும். பெயருக்குள் அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் வைத்து ஒரு கோணல் வழியை எழுதிவைத்தால், கோப்பு தன் அடைப்பை விட்டு வெளியேறி வேறெங்கோ இருக்கும் கோப்பின்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். சீட்டில் ‘துரை பங்களா, படுக்கையறை’ என்று எழுதியிருந்தால், கொழுந்து மூட்டையை மறுபேச்சில்லாமல் அங்கேயே இறக்கிவிட்டு வரும் ஆளைப் போன்றது என் நிரல். அந்தப் பெண் அனுப்பிய மாதிரியை என் கணினியில் பிரித்துப் பார்த்தேன். என் சொந்தக் கோப்பு ஒன்று இருந்த இடத்தில் ‘ஹலோ’ என்று ஒரு சொல் மட்டும் இருந்தது.

ஓட்டையை அடைத்த பதிப்பு வெளிவரும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. விட்டால் திருடர்கள் முந்திக்கொள்வார்கள். அதை வெளியிட அவரும் நானும் ஒரு நாளும் நேரமும் பேசிவைத்துக்கொண்டோம். அந்த நேரத்தில் ஓட்டை பற்றிய அறிவிப்பு வெளியாகும்; அதற்குமுன் என் பதிப்பு ஏறியிருக்க வேண்டும். ஆனால் லைன் வீடு, பக்கத்து வீட்டில் தாளித்தால் நமக்குத் தும்மல் வரும் இடம். நான் திரையை மறைப்பதைப் பார்த்த அம்மா, பையன் என்ன நட்சத்திரம் என்று கேட்டார்.

முதல் திருத்தத்தில், அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் வந்த எல்லாப் பெயர்களையும் மறுத்துவிட்டேன். நல்ல கோப்புகளும் வெளியே நிற்கின்றனவே என்று அந்தப் பெண் எழுதினார். மறுபடி எழுதினேன். இம்முறை பெயரைப் பார்க்காமல், கோப்பு கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க வைத்தேன். அவர் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, உடைக்க முடியவில்லை என்று பதில் போட்டார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

வெளியிட வேண்டிய நாளில் மழை. மதியம் மரமொன்று சாய்ந்து, தோட்டத்துச் சாலையோரக் கேபிளை இழுத்துக்கொண்டு விழுந்தது. இணையம் போய்விட்டது. கைப்பேசியிலும் சிக்னல் செத்துக் கிடந்தது. நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பதைக் கண்ட அப்பா மழைச்சட்டையை மாட்டினார்.

“டவுனுக்குப் போலாம், ஏறு.”

“எதுக்குன்னு சொல்ல முடியாதுப்பா.”

“சொல்லாத. நல்லதா, கெட்டதா?”

“நல்லது.”

மடிக்கணினியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, அப்பாவின் மோட்டார் சைக்கிளில் ரிங்லெட் டவுனுக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பாவுக்குப் பழக்கமான தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் இணையம் இருந்தது. கடை நிறைய ஆட்களும் இருந்தார்கள், ஆளுக்கொரு கைப்பேசியில் பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டு. என் பதிப்பு ஏறுவதாகத் தெரியவில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்தார். எழுந்து கல்லாவுக்குப் போனார்.

“தம்பி, மகளுக்கு இண்டர்வியூலா. கம்பியூட்டர்லயே நடக்குது. லைன் பத்தல.”

கடைக்காரர் யோசிக்கவே இல்லை. “எல்லாரும் வைஃபைய அடைங்க! பிள்ளைக்கு இண்டர்வியூ!”

முணுமுணுத்தார்கள். ஆனாலும் அடைத்தார்கள். கை கழுவப் போன ஒருவர், “தைரியமா பேசுமா” என்றார். நான் பேசாமல் தட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்த இன்னொருவர், “எழுத்துப் பரீட்சை போல” என்று அவருக்கு விளக்கினார்.

பொதி ஏறியது. குறித்த நேரத்தில் அறிவிப்பும் வெளியானது. அதன்பிறகுதான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“திருடன் வந்தானா?”

“வந்ததா தெரியல.”

“வராதவனுக்கா இந்த மழையில வந்தோம்?”

“ஆமாம்பா.”

“சரி” என்று தனக்கொரு ரொட்டி சானாய் சொன்னார்.

கல்லாவில் இருந்த கணினியிலும் எங்கள் இயங்குதளம்தான். கடைக்காரரிடம் கேட்டு அதையும் புதுப்பித்துக் கொடுத்தேன்.

“என்னாமா மாறுச்சு?”

“ஒண்ணும் மாறலண்ணே. முன்ன மாதிரியேதான் இருக்கும்.”

அவர் ஒரு தே தாரேக் தேநீருக்கு விலை தட்டிப் பார்த்தார். அதே விலை வந்தது. “வேல கெடைச்சா சொல்லுமா” என்றார்.

கேபிளை ஒட்டவைத்த பிறகு இரண்டு மின்னஞ்சல்கள் காத்திருந்தன. ஒன்று அந்தப் பெண்ணின் நன்றி. மற்றொன்று புகார். யாரோ ஒருவருடைய அலுவலகத்தில் அந்தக் கோணல் வழியை நம்பித்தான் இத்தனை காலமும் வேலை நடந்ததாம். என் திருத்தம் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டதாம். உடனே பழையபடி ஆக்க வேண்டுமாம். முடியாது என்பதை மரியாதையாக எழுதி அனுப்பிவிட்டு, தூறல் விழுவதற்குள் கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனேன்.