எலி செத்த நாற்றம்

என் வாயிலிருந்து வந்த நாற்றத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்க முடியாது. முகம் சுளிப்பவர்கள் சுளிக்கலாம். நானே சுளித்தவள்தான்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருடம் என் இடது கன்னத்தின் உள்ளே ஒரு கட்டி வந்தது. புற்றுநோய் என்று கொழும்பு டொக்டர் சொன்னார். ரேடியம் வைத்தார்கள். கட்டி கரைந்தது. தாடைக்குக் கீழே மட்டும் கையகலத்துக்குத் தோல் கறுத்துத் தடித்து, நடுவில் சிவப்பு நூல் நூலாக நரம்பு தெரிய நின்றுவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் ஒரு கடிதம் தந்தார். அதில் எழுதியிருந்ததை வாயாலும் சொன்னார்.

"புற்று வருத்தம் மாறீட்டுது. ஆனால் ரேடியம் பட்ட எலும்பு பழைய எலும்பில்லை. எத்தனை வருசம் போனாலும் அந்தப் பக்கத்துப் பல்லை எங்களைக் கேக்காமல் புடுங்கக் கூடாது. புடுங்கினால் புண் ஆறாது."

திருகோணமலைக்கு வந்து சேர்ந்ததும் அம்மா அந்தக் கடிதத்தை அலுமாரியில் தன் கூறைச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினார். புற்று வந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். எனக்குப் பின்னால் தங்கச்சி வேறு இருந்தாள். கொழும்பில் நான் தையல் படித்தேன், தாடையில் கொதிநீர் பட்டுவிட்டது என்று ஊருக்குச் சொன்னோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கதையோடுதான் எனக்குக் கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில், கடற்படை ஸ்டோரில் வேலை.

துறைமுகம் யுத்தக் கப்பல்களால் நிறைந்திருந்த காலத்தில் எனக்குக் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியது. கணவர் என்னைப் பட்டணத்தில் பல் பிடுங்குகிறவரிடம் கூட்டிப் போனார்.

"முந்தி ஏதும் பெரிய வருத்தம் வந்ததோ?" என்று அந்த மனிதர் கேட்டார்.

கணவர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். "இல்லை" என்றேன்.

பல் கழன்று வந்துவிட்டது, குழி மூடவில்லை. கராம்பை வைத்து அடக்கினேன், உப்புத் தண்ணீரால் கொப்பளித்தேன், கையால் வாயைப் பொத்திக்கொண்டு கதைத்தேன். பிறகு ஜப்பான்காரன் குண்டு போட்டான். நிலாவெளிக்கு ஓடி, ஒரு உறவுக்காரி வீட்டில் பதினொரு பேர் ஒரே அறையில் அடைந்தோம். அங்கேதான் நாற்றம் பிடிபட்டது.

"எங்கையோ எலி செத்துக் கிடக்குது," என்று வீட்டுக்காரி பாயை உதறினாள். கூரை ஓலையைத் தடியால் குத்திப் பார்த்தாள். நானும் எழும்பி அவளோடு சேர்ந்து தேடினேன். நாற்றத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு, பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்து குனிந்து எலி தேடினேன். இதைவிடக் கேவலம் ஒன்று என் வாழ்க்கையில் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

மத்தியானம் சோறு மெல்லும்போது கல் போல ஒன்று கடிபட்டது. துப்பினேன். கறுத்த எலும்புத் துண்டொன்று, சீழோடு, சோற்றுக் கோப்பையில் விழுந்தது. கணவர் கையை உதறிவிட்டு எழும்பிப் போனார். வீட்டுக்குப் பின்னால் அவர் சத்தி எடுக்கிறது கேட்டது.

அதற்குப் பிறகுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. "முதலே சொல்லியிருக்கலாமே," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கொழும்புக்குக் கூட்டிப் போனார். அம்மாவும் வந்தார். அதே டொக்டர் என் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"புற்று திரும்பி வரேல்லை. எலும்புதான் செத்துப் போச்சு. நான் கடிதம் தந்தனான் எல்லே?"

"எங்களுக்கு ஒரு கடிதமும் கிடைக்கேல்லை ஐயா," என்றார் அம்மா. கண்கூட இமைக்கவில்லை. இடது பக்கத் தாடையை எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வரும்போது ரயிலிலேயே அடுத்த கதை தயாராகிவிட்டது. "குண்டுச் சிதறல் பட்டது எண்டு சொல்லு பிள்ளை. ஆர் கேக்கப் போயினம்?"

ஒருவரும் கேட்கவில்லை. முகம் கோணி எச்சில் வடிய நின்ற எனக்கு, முன்பு மூக்கைப் பொத்தியவர்களே பாவம் பார்த்து முட்டை கொண்டுவந்து தந்தார்கள். குண்டுக்கு மரியாதை, புற்றுக்கு அருவருப்பு. தூ!

அடுத்த வருடம் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தார்கள். "மூத்தவவுக்கு என்ன நடந்தது?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார். "குண்டு," என்றார் அம்மா. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

மாப்பிள்ளையின் தமக்கை, தங்கச்சிக்கு மச்சாளாகப் போகிறவர், மட்டும் வடையை ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிட்டார். "பல்லுக் குத்து. நாளைக்குப் புடுங்கப் போறன்," என்று கன்னத்திலிருந்த கையை எடுத்தார். அப்பியிருந்த பவுடர் வியர்வையில் கரைந்திருந்தது. தாடைக்குக் கீழே கறுத்துத் தடித்த தோல், நடுவில் சிவப்பு நூல்கள். அந்தத் தோலை வருடக்கணக்காகக் கண்ணாடியில் பார்த்தவள் நான்.

அவர் கை கழுவப் போனபோது பின்னாலேயே போய்க் கிணற்றடியில் தண்ணீர் ஊற்றினேன்.

"அக்கா, அந்தப் பல்லைப் புடுங்காதேங்கோ. ரேடியம் வைச்ச டொக்டரைக் கேளுங்கோ. எனக்கும் அதுதான் நடந்தது. எலும்பு அழுகிப் போகும்."

அவர் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடினார். "எனக்கு ஒரு வருத்தமும் வந்ததில்லை. உங்களுக்குக் குண்டெல்லே பட்டது?"

குசினி வாசலில் அம்மா நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் புதுச்சேலையோடு தங்கச்சி.

"ஓம்," என்றேன். "குண்டுதான்."

கல்யாணம் நடந்தது. இரண்டு மாதம் கழித்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்வந்த தங்கச்சி, செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுளித்தாள்.

"மச்சாளின்ர அறையில எலி செத்துக் கிடக்குது அக்கா. வீடு முழுக்கத் தேடினம், காணேல்லை. பாவம், மச்சாளும் எங்களோட சேர்ந்து தேடினவ."