சனிக்கிழமை பெஞ்சு

சாமுவேல், கிருபா... உங்கள் அம்மா பிரசவத்தில் சாகவில்லை. என் கௌரவத்தினால் செத்தாள்.

இதை உங்களுக்குச் சொல்லாமல் இத்தனை காலம் மறைத்தேன். கிருபா, உன்னிடம் மறைத்ததுதான் பெரிய பாவம். உன் அத்தை உன்னைத் 'தாயத் துன்னவ' என்று ஏசும்போதெல்லாம் நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

என் உத்தியோகம் உங்களுக்குத் தெரியும். சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரியின் மாட்டுவண்டியில் சேரி சேரியாகப் போய்க் கர்ப்பஸ்திரீகளை அழைத்து வருவது. சனிக்கிழமைதோறும் ரயிலில் பல் வைத்தியர் வருவார். அன்று பின்கட்டுத் தாழ்வாரத்தில் ஒரு நீளப் பெஞ்சு போடுவோம். கூலிக்காரப் பெண்களுக்கு அன்று எல்லாம் இனாம்.

அவர்கள் லேசில் வரமாட்டார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பல்லைப் பிடுங்கினால் பிள்ளை தங்காது என்று பயம். நான் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்வேன்: "பல்லப் புடுங்கறதால ஒண்ணும் ஆவாது. சீழ உள்ளாற வெச்சினு இருந்தாதான் உனுக்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து." வைத்தியர் சொல்லிக்கொடுத்த வார்த்தை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்!

அந்த வருஷம் உங்கள் அம்மா எஸ்தர் உன்னைச் சுமந்துகொண்டிருந்தாள், கிருபா. கடைவாய்ப் பல் அவளைக் கொன்றது. களியை மெல்லாமல் உருட்டி விழுங்குவாள். கன்னத்தை உள்ளங்கையில் தாங்கியபடி உட்கார்ந்தே இருப்பாள்.

ஒரு நாள் கேட்டாள்: "இன்னாங்க, இந்தச் சனிக்கெழம நானும் வந்து அந்தப் பெஞ்சில குந்திக்கட்டா?"

"வவுத்துல புள்ளய வெச்சினு பல்லப் புடுங்குவாங்களா? பெத்தப்புறம் பாத்துக்கலாம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதான தெருத்தெருவா போயி ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிக்கினு கீறீங்க?"

"அது அவங்களுக்கு."

அந்த வலியிலும் சிரித்தாள். "அப்ப என் பல்லு மட்டும் பெரிய எடத்துப் பல்லா?"

கேளுங்கள், பிள்ளைகளே... எனக்குப் பயமா? இல்லை! பயம் என்று சொல்லிவிட்டால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். வெட்கம். என் அப்பன் அடுத்தவன் நிலத்தில் ஏர் ஓட்டியவன். அந்தப் பெஞ்சில் உட்கார வேண்டிய ஜனம்தான் நாங்கள். நாலு எழுத்துப் படித்து, கோட்டுப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை சபையார் முன்னால் வேதம் வாசிக்கிறவனாக ஆனேன். என் பெண்சாதி கல்லுடைக்கிறவர்களோடு இனாம் பெஞ்சில் உட்காருவதா? கம்பவுண்டர் பார்த்தால் என்ன நினைப்பார்? இதுதான் என் மனசில் ஓடியது. வேறொன்றும் இல்லை.

அதனால்தான், எந்தப் பொய்யை ஊர் ஊராகப் போய் அழித்தேனோ அதையே என் வீட்டுக்குள் விதைத்தேன். அவளும் நம்பினாள். ஆஸ்பத்திரிக்காரன் வாயிலிருந்து வந்ததல்லவா! கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்துக் கொடுத்தேன். அதைப் பெரிய உபகாரமாக வாங்கிக்கொண்டாள்.

கல்லுடைக்கும் முனியம்மா அந்தச் சனிக்கிழமையே வந்தாள். வயிற்றில் பிள்ளையோடு சீழ் வைத்த பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு வண்டி ஏறினாள். போகிற வழியில் கேட்டாள்: "எங்க பல்லையே தேடித் தேடிப் பாக்கறியே சாமி, உன் வூட்டுப் பல்லு இன்னா பொன்னா? உன் பொண்டாட்டி கன்னம் வீங்கிக் கெடக்குதே!"

மாட்டை அதட்டினேன்.

தலைப்பிரசவம் இல்லையென்றாலும் எஸ்தர் திருப்பதியிலிருந்த தாய்வீட்டுக்குப் போக ஆசைப்பட்டாள். திருப்பதி ரயிலில் ஏற்றிவிட்டேன். முந்தானையால் தாடையைக் கட்டியிருந்தாள். வண்டி நகரும்போது என்னமோ சொன்னாள். வாய் சரியாகத் திறக்கவில்லை... எனக்குப் புரியவில்லை. இன்றுவரை அது என்னவென்று தெரியாது.

நீ குறைமாதத்தில் பிறந்தாய். சேதி கேட்டுத் திருப்பதிக்கு ஓடினபோது அவள் கழுத்து தாடையோடு ஒன்றாக வீங்கியிருந்தது. தண்ணீர்கூட இறங்கவில்லை. எல்லாரும் பிரசவக் காய்ச்சல் என்றார்கள். பல்லில் இருந்த சீழ்தான் என்று எனக்கு மட்டும் தெரியும். நானும் ஆமாம், பிரசவக் காய்ச்சல்தான் என்றேன்.

சின்னவளாக இருந்தபோது நீ என் மடியில் சாய்ந்து கேட்டாய். நினைவிருக்கிறதா? "நைனா, நான் பொறந்ததாலதான அம்மா செத்துப்போச்சி?"

நான் என்ன சொன்னேன்? கர்த்தருடைய சித்தம் என்றேன்! என் குற்றத்தைத் தூக்கிக் கர்த்தர் தலையில் பாதியும், உன் தலையில் பாதியும் வைத்தேன். குழந்தை தலையில்!

இப்போது ஏன் எழுதுகிறேன்? பலமனேரில் உன்னைப் பார்த்துவிட்டு வந்த சாமுவேல் சொன்னான். நீ முழுகாமல் இருக்கிறாயாம். பல் வலியாம். "பெத்தப்புறம் பாத்துக்கறேன்" என்றாயாம். அந்தச் சொல் என்னுடையது, கிருபா. அதை உனக்கு யார் கொடுத்தார்கள்? ரத்தத்தில் வருமா இப்படி ஒரு சொல்?

வா, தாயே. வருகிற சனிக்கிழமையே வா. என்னோடு பேசாவிட்டாலும் சரி, என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி. அண்ணனோடு வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்.

இவ்வளவும் எழுதி மடித்துவைத்துவிட்டு, நேற்றுச் சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேலையை விட்டபின் அந்தப் பக்கம் போனதில்லை. வைத்தியர் ரயிலுக்குப் புறப்பட்டுவிட்டார். பெண்களும் போய்விட்டார்கள். தாழ்வாரத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெஞ்சு இன்னும் ஈரமாக இருந்தது.

கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எத்தனையோ பேரை உட்காரவைத்திருக்கிறேன். நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் கழித்து, ஓரமாக நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டேன்.