வேட்டியைத் தலையில் கட்டிக்கொண்டு நடந்த ஞாயிறு

ஏழெட்டு வருடங்களுக்கு முன், அறுபதுகளின் தொடக்கத்தில், நான் திருச்சியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. வீடு உறையூரில். முப்பதைத் தொட்டும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வரன் வராமல் இல்லை. வந்ததையெல்லாம் நான்தான் தட்டிக் கழித்தேன். எனக்கு ஓதம் இறங்கியிருந்தது. விரைவீக்கம் என்று வைத்திய நூல்களில் எழுதுவார்கள். எலுமிச்சை அளவில் தொடங்கி, சில வருடங்களில் வேட்டி மடிப்பை யோசித்து யோசித்துக் கட்டவேண்டிய அளவுக்கு வளர்ந்துவிட்டது. வலி இல்லை. ஆனால் ஓதம் உள்ளவனுக்குப் பிள்ளை பிறக்காது என்று எப்போதோ எங்கோ கேட்டதை நான் முழுக்க நம்பியிருந்தேன். நாட்டு வைத்தியர் சொன்னபடி கழற்சிக் கொழுந்தை விளக்கெண்ணெயில் வதக்கி வைத்துக் கட்டிப் பார்த்தேன். படுக்கை விரிப்பு பச்சையானதைத் தவிர வேறு பலன் இல்லை. டாக்டரிடம் போகக் கூச்சம்.

அந்த வைகாசியில் மணப்பாறையிலிருந்து ஒரு வரன் வந்தது. அம்மாவுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்திருந்தது, சங்கடமே அதுதான். வரும் வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாக அம்மா வாக்குக் கொடுத்திருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இனி இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதாக இருந்தேன்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அலுவலக நண்பர்கள் ஒரு நடைக்குக் கூப்பிட்டார்கள். முக்கொம்பு வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து கொள்ளிடத்து மணலிலேயே ஸ்ரீரங்கம் வரை நடப்பது. ஏற்பாடு முசிறிக்காரருடையது. வாழைத் தோட்டக் குடும்பம். என் மேஜைக்கு எதிர் மேஜை. ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவரும், எங்கள் பிரிவில் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய என் வயதுதான். மேட்டூர் அணை இன்னும் திறக்காத நாட்கள். கொள்ளிடத்தில் நீளமான மணல்திட்டுகளும், நடுநடுவே நீரோடைகளும், அங்கங்கே கழுத்தளவு மடுக்களும் இருந்தன. கரையில் நாணல். கொக்குகளைத் தவிர வேறு நடமாட்டம் இல்லை.

முதல் ஓடையை அடைந்ததும் முசிறிக்காரர் நின்றார். சட்டை, வேட்டி, கோவணம் எல்லாவற்றையும் அவிழ்த்துச் சுருட்டி, துண்டால் தலையில் கட்டிக்கொண்டார்.

"எங்கூர்ல ஆத்தைத் தாண்டிக் கொல்லைக்குப் போறவன் எவனும் துணியோட இறங்க மாட்டான். ஈரக் கோவணத்தோட நடந்தா அக்கரை சேர்றதுக்குள்ள தொடை உரசிப் புண்ணாயிடும். ஓடைக்கு ஓடை அவுத்துக் கட்டிக்கிட்டு இருக்க முடியாது. இப்படியே நடந்துடலாம், வாங்க."

இரண்டு பேர் சிரித்துக்கொண்டே அவிழ்த்துவிட்டார்கள். ஐயங்கார் நகரவில்லை.

"நக்னமா தீர்த்தமாடப்படாது. சாஸ்திரம் இருக்கு."

"இடுப்புல அரைஞாண் இருக்குல்ல சாமி? அரைஞாண் இருந்தா அம்மணம் இல்லீங்க."

"அந்தத் திக்குலதான் கோயில். பெருமாள் பார்த்துண்டிருக்கார்."

"உங்க பெருமாள் தெக்கயில்ல பாத்துப் படுத்திருக்காரு? கொள்ளிடம் வடக்கால. நாம அவருக்கு முதுகுப் பக்கம்."

"அவருக்கு முதுகிலும் கண்ணு உண்டு ஓய்."

ஐயங்கார் கௌபீனத்தோடு இறங்கினார். அவர் தயவில் நானும் வேட்டியோடு இறங்கிவிட்டேன். முசிறிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன மாப்ளே, பொண்ணு பாத்ததும் வெக்கம் வந்துடுச்சா?" என்றார். சிரித்து வைத்தேன்.

ஈர வேட்டி காலில் சுற்றியது. ஐயங்கார் கால்களை அகட்டி அகட்டி நடக்க ஆரம்பித்தார். முன்னால் மூன்று பேர், தலையில் மூட்டையும் முதுகில் வெயிலுமாக, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி போய்க்கொண்டிருந்தார்கள். சுடுமணலில் ஓடுவார்கள், ஓடையில் விழுவார்கள், ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரை வாரி இறைப்பார்கள். ஒரு மனிதன் தன் உடம்பைப் பற்றி எந்த யோசனையும் இல்லாமல் நடப்பதைப் பார்க்க எனக்கு ஏக்கமாக இருந்தது.

மூன்றாவது ஓடை ஆழமானது. நடுவில் கால் வைத்த இடம் இறங்கிவிட்டது. நீர் வேட்டியைப் பிடித்து இழுத்தது; நான் வேட்டியைப் பிடிப்பதா, தலையை நீருக்கு மேல் வைத்துக்கொள்வதா என்று தவித்தேன். முசிறிக்காரர் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்து மணலில் இழுத்துப் போட்டார். வேட்டி போய்விட்டது. உள்ளே கட்டியிருந்த துணியும் அதோடு போய்விட்டது.

முழங்காலை மார்போடு சேர்த்து உட்கார்ந்தேன். பயனில்லை, எல்லோரும் பார்த்துவிட்டார்கள். முசிறிக்காரர் தலை மூட்டையை அவிழ்த்துத் தன் துண்டை என் மடியில் போட்டுவிட்டு, மற்ற இரண்டு பேரையும் அந்தப் பக்கம் மீன் பார்க்கக் கூட்டிப் போனார். அந்த ஓடையில் மீன் ஒன்றும் இல்லை.

பின்னால் வந்த ஐயங்கார் என் முன்னால் வந்து நின்றார்.

"எத்தனை நாளா இருக்கு?"

துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டேன்.

"அதனாலதான் வர வரனையெல்லாம் வேண்டாங்கறீரா?"

தலையை ஆட்டினேன்.

அவர் ஒரு நிமிஷம் ஓடையைப் பார்த்தார். பிறகு கௌபீனத்தை அவிழ்த்து ஒரு பக்கம் போட்டார்.

"ஓய், கொஞ்சம் நிமிர்ந்து பாரும். கூச்சப்படாம பாரும். இந்தத் தழும்பு தெரியறதோ? எனக்கும் இருந்தது. பெரியாஸ்பத்திரியில கீறி நீரை எடுத்துத் தச்சுட்டா. தையல் பிரிச்சதும் ஆபீஸ் வந்தேன். நீர்தான் என்னோட ஃபைலையெல்லாம் பார்த்தீர், ஞாபகம் இருக்கோ? ஜுரம்னு சொன்னேனே."

"பிள்ளை..." என்றேன்.

"என் ரெண்டாவது பொண்ணு இதுக்கப்புறம்தான் பொறந்தா. போறுமா?"

அந்தத் தழும்பு மணலில் கோழி கீறிய கோடு போல மெல்லியதாக இருந்தது. இத்தனை வருடம் நான் பயந்தது இவ்வளவுதானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

தூரத்திலிருந்து முசிறிக்காரர் கத்தினார்: "என்ன சாமி, சாஸ்திரம் என்னாச்சு?"

"நக்னமா தீர்த்தமாடப்படாதுன்னேன். மணல்ல நிக்கப்படாதுன்னு எவன் சொன்னான்?" என்று ஐயங்கார் திருப்பிக் கத்தினார். ஆனால் அதன் பிறகு கௌபீனத்தை அவர் கட்டவில்லை. தொடை உண்மையாகவே புண்ணாகியிருந்தது.

அங்கேயே அவர் வீட்டுப் புளியோதரையைச் சாப்பிட்டோம். மிச்ச தூரத்தை ஐந்து பேரும் ஒரே மாதிரி நடந்தோம். காற்று உடம்பெங்கும் பட்டது. மடுவில் மல்லாந்து மிதந்தேன். அப்படி மிதந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. யாரும் என் பக்கம் பார்க்காமலும் இல்லை, உற்றுப் பார்க்கவும் இல்லை. ஊர் நெருங்கியதும் ஐயங்காரின் அங்கவஸ்திரத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அதைப் பெண் வீட்டில் எப்படிச் சொல்வது என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அதனால் அடுத்த சந்தை நாளில் நானே மணப்பாறைக்குப் போனேன். ஐயங்காரும் முசிறிக்காரரும் கூடவே வந்து பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார்கள். பெண்ணின் அண்ணன் மாடு வியாபாரி. மாட்டுச்சந்தையில் அவரை ஓரமாக அழைத்து, ஆபரேஷன் முடியும்வரை தவணை வேண்டும், என்ன ஆபரேஷன் என்பதைத் தங்கச்சியிடமும் சொல்லிவிடுங்கள் என்றேன். வாசகங்களை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன், பாதியில் மறந்துவிட்டது.

அவர் தலைக்கயிறைக் கையில் சுற்றியபடி கேட்டுவிட்டு, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? எங்க சித்தப்பாவுக்கும் பண்ணியிருக்கு. வேற ஏதோ பெரிசா சொல்லப்போறீங்கன்னு பயந்துட்டேன்," என்றார். மறுநாள் ஆள் மூலம் பெண்ணின் பதில் வந்தது: அவசரமில்லை, நல்லபடியாக முடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஐயங்கார் தினமும் மாலையில் வந்து உட்கார்ந்தார். முசிறிக்காரர் ஒரு தார் பூவம்பழத்தைக் கட்டில் காலில் சாய்த்து வைத்துவிட்டு, வார்டு முழுவதற்கும் பறித்துப் பறித்துக் கொடுத்தார். தை மாதம் மணப்பாறையில் கல்யாணம் நடந்தது. இன்று எங்களுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் பள்ளிக்கூடம் போகிறான்.