பெத்தலகேம் வட்டையின் வழமை

நெல் வெட்டும் மெசின் முதன்முதலாக எங்கள் பக்கம் வந்தபோது, செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள். அதை ஏற்றிவந்த லொறி பதுளை வீதிக்குத் திரும்ப முடியாமல் கொஞ்ச நேரம் சந்தியை அடைத்துக்கொண்டு நின்றது. யுத்தம் முடிந்து சில போகங்களே கழிந்திருந்தன. மாதம் மாசியா பங்குனியா என்பதில் எனக்கும் என் மாமிக்கும் கடைசிவரை உடன்பாடு ஏற்படவில்லை. சிவராத்திரிக்குக் கண்விழித்த அலுப்பு அன்று எனக்கு இன்னும் தீராமல் இருந்ததால் மாசி என்றே நான் குறித்து வைத்திருக்கிறேன். மாமிக்கு அன்று திகதியில் அக்கறை இருக்கவில்லை. லொறியின் மேலிருந்த சிவப்பு இயந்திரத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது வெட்டினா சின்னக்காவுக்கு என்ன மிஞ்சும்?" என்று மட்டும் கேட்டார்.

படுவான்கரையில் பரந்து கிடக்கும் வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம். அறுவடைக் காலத்தில் வெட்டுகாரர் முன்னே போக, காணியில்லாத பெண்கள் ஓலைப் பைகளான உமல்களோடு பின்னே போவார்கள். சிந்திய கதிரைப் பொறுக்கிக்கொள்வது அவர்கள் பாடு. அவர்களுக்கு முன்னால் நடப்பவர், ஊரே சின்னக்கா என்றழைத்த ஒரு விதவை. பொறுக்கிய நெல்தான் அடுத்த மழை வரைக்கும் அவருடைய வீட்டுச் சோறு. மெசின் வந்த அந்தப் போகத்தில் கதிர் சிந்தவில்லை. வயல் மூலைகளில் மட்டும் மெசினால் திரும்ப முடியவில்லை. வட்டையில் பெரும்பங்குக் காணிக்குச் சொந்தக்காரரான போடியார் அந்த மூலைகளையும் முதல் நாளே ஆள்வைத்து வெட்டுவித்தார். பொறுக்கும் பேரில் நிற்கிற பயிரிலும் கைவைக்கிறார்கள் என்று சொல்லி, உமலோடு ஒருவரும் வயலில் இறங்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டார். பெண்கள் வெறும் உமலைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்ததை நான் பார்த்தேன்.

மாமி என் அப்பாவின் தங்கை. ஓய்வுபெற்ற தமிழாசிரியை. மட்டக்களப்பு நகரில் மிஷன் பாடசாலையொன்றில் தங்கிப் படித்தவர். அங்கே காலைதோறும் வேதாகமம் வாசிக்கக் கேட்டுக் கேட்டு அதன் கதைகள் அவருக்கு மனப்பாடமாகிவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் அம்மன் கோயிலுக்குப் போகத் தவறாதவர் அவர். "டீச்சர் வேதத்துக்கு மாறப் போறாவாம்" என்று யாரோ கதை கட்டியபோது அவர் சிரித்தார். "நான் அம்மனை விட்டு ஒரு இடமும் போகல்ல. ரூத்தை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தன்" என்றார்.

கூட்டிக்கொண்டுதான் வந்தார். வயலில் மருதமர நிழலில் பெண்கள் இளைப்பாறும்போது ரூத்தின் கதையைச் சொல்வார். புருஷனை இழந்த ஒரு பிற தேசத்துப் பெண், தன் மாமியாரைக் கைவிடாமல் அவளுடைய ஊருக்கே வந்து, அந்நியன் வயலில் கதிர் பொறுக்கிப் பிழைத்த கதை. மூலத்தில் உள்ள வாற்கோதுமை மாமியின் வாயில் நெல்லாகிவிடும். வயலின் சொந்தக்காரர் போவாஸ், போடியார் ஆகிவிடுவார். தன் வேலையாட்களிடம் அவர், அந்தப் பெண்ணை விரட்டவேண்டாம், வேண்டுமென்றே கொஞ்சம் கதிரைச் சிந்திவிட்டுப் போங்கள் என்று சொல்லும் இடத்தில் சின்னக்கா ஒவ்வொரு முறையும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

தமிழில் அச்சேறிய முதல் நூல்கள் கிறிஸ்தவ நூல்கள் என்பதையும், நம் உரைநடை வளர்ந்ததில் வேதாகம மொழிபெயர்ப்புகளுக்குப் பங்கு உண்டு என்பதையும் நான் புத்தகங்களில் படித்தேன். காட்டிக்கொடுத்தவனை யூதாஸ் என்று திட்டுகிறவர்களில் பாதிப்பேர் தேவாலய வாசலை மிதித்தவர்கள் அல்லர் என்பதும் தெரியும். ஆனால் ஒரு நூல் மக்களுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கக்கூடும் என்பதை மெசின் வந்த போகத்துக்கு அடுத்த வெள்ளாமைக் கூட்டத்தில்தான் கண்ணால் கண்டேன்.

விதைப்புக்கு முன் நீர் திறப்பது, மாடு கலைப்பது பற்றியெல்லாம் முடிவு செய்கிற கூட்டம் அது. காணிக்காரர்களுக்கு மட்டும்தான் அங்கே பேச்சு. எங்கள் சிறு காணிக்காக மாமியும் நானும் போயிருந்தோம். அந்த முறை சின்னக்கா பத்துப் பன்னிரண்டு பெண்களோடு வந்து மண்டபத்தின் பின்பக்கத்தில் நின்றார். வேலை எல்லாம் முடிந்து எழும்பப் போன நேரத்தில் அவருடைய குரல் கேட்டது.

"போடியார், மெசின் வரட்டும், வேணாமெண்டு சொல்லல்ல. மூலையை எங்களுக்கு விடுங்க. அது வட்டை வழமைதானே."

"எந்த வட்டையில அப்பிடி ஒரு வழமை கிடக்கு?"

"ஏன், ரூத்து பொறுக்கின வட்டையில. அந்தப் போடியார் கதிரைச் சிந்திப்போட்டுப் போங்கடா எண்டு ஆக்களுக்குச் சொன்னவரெல்லோ!"

"ஆருகா ரூத்து? எந்தப் போடியார்ர ஆள்?"

"பெத்தலகேம் வட்டை. கிரானுக்கு அங்கால எண்டு நினைக்கன்."

முன்வரிசையில் இருந்த தேவாலயத்து உபதேசியார் சிரிப்பை அடக்கமுடியாமல் துண்டால் வாயைப் பொத்தினார். "அக்கோய், அது வேதாகமத்தில வாற ஊர். கப்பல் ஏறிப் போகணும்" என்றார். மண்டபம் வெடித்துச் சிரித்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சின்னக்காவின் முகம் கறுத்துவிட்டது. மெய்யாகவே அவர்கள் அதைப் பக்கத்து ஊர்ச் செய்தியாகத்தான் நம்பியிருந்தார்கள்.

"வேதக்காரர்ர கதையை வைச்சு என்ர வயலுக்குச் சட்டம் போடுறீங்களோ?" என்று எழுந்த போடியார், மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

விஷயம் அதோடு முடிந்தது என்றே நினைத்தேன். என் பக்கத்திலிருந்த மாமி எழுந்தார்.

"இருங்க போடியார். அந்த வட்டை கிரானுக்கு அங்கால இல்ல. பிழை என்னிலதான், நான் சொன்ன விதம் அப்பிடி. ஆனா மிச்சக் கதையையும் கேட்டுட்டுப் போங்க. அந்த ஊரில ரெண்டு காணிக்காரர் இருந்தாங்க. ஒருத்தர் இந்தப் பிள்ளைக்குக் கதிர் விட்டவர். மற்றவருக்குத்தான் அந்தக் குடும்பத்தைத் தாங்குற உரிமை முதல்ல வந்தது. தன்ர சொத்துக் கெட்டுப்போயிரும் எண்டு பயந்து அவர் விலகிட்டார். கதிர் விட்டவர்ர பேர் போவாஸ். மூவாயிரம் வருசமாச் சொல்லுறாங்க. மற்றவர்ர பேர் என்னண்டு உபதேசியாரைக் கேளுங்க."

எல்லோரும் உபதேசியாரைப் பார்த்தார்கள். அவர் இப்போது சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"பேர் இல்ல," என்றார். "வேதத்தில அந்தாள்ர பேர் எழுதப்படவே இல்ல."

போடியார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றார். சிடுசிடுப்பானவர்தான், ஆனால் நல்ல கதையின் சுவை தெரிந்தவர். மாமியைப் பார்த்து அவருடைய மீசை மெல்ல விரிந்தது.

"அப்ப என்னையும் கதையில சேர்ப்பீங்களோ டீச்சர்?"

"மூலையை விட்டாலும் சேர்ப்பன், விடாட்டியும் சேர்ப்பன். எந்த ஆளாச் சேர்க்கிறதெண்டு நீங்கதான் சொல்லணும்."

இந்த முறை எழுந்த சிரிப்பில் போடியாரின் குரல்தான் உரத்துக் கேட்டது. "பேரில்லாமச் சாக எனக்கு ஏலாது" என்றார். மெசின் வெட்டி முடிந்த பிறகு, மாடு இறங்குவதற்கு முன், மூலைகள் கதிர் பொறுக்குகிறவர்களுக்கு என்று முடிவானது. உபதேசியாரே எழுந்து வந்து சின்னக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்ல, ஊர் எங்க கிடந்தா என்ன, வழமை வந்திற்றெல்லோ" என்றார் சின்னக்கா.

அந்தப் போகத்து அறுவடைக்குப் போடியார் தானே வரம்பில் வந்து நின்றார். மெசின்காரப் பொடியன் மூலைக்குள் கொஞ்சம் நெருக்கி வெட்டப் போனபோது, "கிறுகுடா, கிறுகு! அது அவளுகள்ர பங்கு" என்று மெசினைத் திருப்பச் சொல்லிக் கத்தினார். வெயில் சாயும்போது பெண்கள் உமல் நிறையச் சுமந்துகொண்டு வரம்பால் நடந்தார்கள். கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்களைப்போல உரத்துப் பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். மாமி பின்னால் நடந்தார். ஒரு கட்டுக் கதிர் அவருடைய தலையிலும் இருந்தது.

மாமியும் போடியாரும் இன்று இல்லை. போடியாரின் மகன் மூலைகளை இன்றும் விடுகிறார், பக்கத்துக் காணிகளிலும் இப்போது விடுகிறார்கள். சென்ற அறுவடைக்குப் போயிருந்தேன். சின்னக்காவின் மகள், கல்குடாவிலிருந்து கலியாணம் முடித்து வந்த புதுப்பெண் ஒருத்திக்கு மருதமரத்தடியில் ரூத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். புதுப்பெண் கழுத்தில் சிறிய சிலுவையொன்று தொங்கியது. கதை அவளுக்குத் தெரியாமல் இருந்திராது. இருந்தும் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மறுகா அந்தப் போடியார் மோட்டார் சைக்கிளை வரம்பில நிப்பாட்டிப்போட்டு, 'கிறுகுடா, அது அவளுகள்ர பங்கு' எண்டு கத்தினவராம்."

புதுப்பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். காலக் கணக்கு விஷயத்தில் ஊரில் எல்லோரையும் திருத்துகிறவன் நான்.

"ஓம் பிள்ள," என்றேன். "நானும் அங்க நிண்டனான்."