வலது கதவில் மட்டும்

குற்ற நாவல் எழுத எப்படி வந்தீர்கள் என்று கேட்டால், சின்ன வயதிலிருந்தே வாசிப்பு உண்டு என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். கோபத்தில் வந்தேன் என்று மேடையில் எப்படிச் சொல்வது?

பொறியியல் முடித்து, தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிட்டங்கியில் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்தேன். வேலை என்றால் வந்திறங்கும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு பட்டியல்தான்: சீல் எண், கதவு, கீல், கூரை, தரை, துளை, எச்சரிக்கை ஸ்டிக்கர்.

முந்திரிக்கொட்டை வந்த ஒரு கன்டெய்னருக்குப் பூச்சி சாக விஷப்புகை அடித்திருந்தார்கள். அடித்தபின் கதவைத் திறந்து ஒரு நாள் காற்றாட விடவேண்டும். அதுவரை யாரும் உள்ளே போகக்கூடாது. மண்டையோட்டு ஸ்டிக்கரை இரண்டு கதவிலும் ஒட்டவேண்டும். எங்கள் கிட்டங்கியில் வலது கதவில் மட்டும் ஒட்டுவார்கள். காற்றாடத் திறப்பதும் அதே வலது கதவைத்தான். திறந்த கதவு பின்னால் மடங்கிப் பக்கச்சுவரோடு சேர்ந்துகொள்ளும். ஸ்டிக்கர் யார் கண்ணிலும் படாது.

அன்று மாலைதான் திறந்திருந்தார்கள். மறுநாள் காலை மூட்டை இறக்க வந்தவர் கண்டது திறந்த கதவை. உள்ளே போனார். பிணமாகத்தான் வெளியே தூக்கினார்கள்.

‘எச்சரிக்கையை மீறிய தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று அறிக்கை தயாரானது. அவர் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் சுத்தமாகத் தட்டச்சு செய்திருந்தது. என் பட்டியலின் ஏழாவது வரி மட்டும் இடித்தது: ‘ஸ்டிக்கர், வலது கதவில் மட்டும்.’

மேலாளர் கூப்பிட்டார். “அந்த ஏழாவது வரிய எடுத்துரும்மா. ஸ்டிக்கர் இருந்துச்சா, இல்லையா?”

“இருந்துச்சு சார். சுவரப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.”

“வாய் ரொம்ப நீளுது. பேசாம கதை எழுதப் போயேன்.”

போனேன். அந்த வரி இல்லாத அறிக்கையில் வேறொருவர் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சாவை வைத்து நான் எழுதிய நாவலை முதலில் படித்த பதிப்பாளர், “ஸ்டிக்கரா கொலைகாரன்? செத்தவன் பொண்டாட்டிக்கு ஒரு கள்ளக்காதலன வைங்க, விறுவிறுப்பா இருக்கும்” என்றார். கைப்பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நான்காவது பதிப்பாளர் போட்டார், பெயர்களையெல்லாம் மாற்றவேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒப்புக்கொண்டேன். புத்தகம் ஓடியது. அடுத்த இரண்டு நாவல்களும் அதே வழியில் வந்தவைதான்: ஓர் அறிக்கையை எடுப்பேன், அதில் இருக்கவேண்டிய வரிகளைப் பட்டியலிடுவேன், காணாமல் போனவற்றை எழுதுவேன்.

முதல் புத்தகத்தின் ஒரு பிரதியை இறந்தவரின் மனைவியிடம் கொடுத்திருந்தேன். கடற்கரைத் தெருவில் கருவாட்டு வியாபாரம் செய்கிறவர். ஒரு வாரம் கழித்துப் போனபோது கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே பேசினார்.

“அவரு நல்லா எழுத்துக்கூட்டி வாசிப்பாரு. கண்ணுல பட்டிருந்தா வாசிச்சிருப்பாரு. சரியாத்தான் எழுதியிருக்க.” நிமிர்ந்து பார்த்தார். “ஏம்மா, குத்தம் அவரு மேலன்னு எழுதையில அவரு பேரு, அவுக அப்பா பேரு, ஊரு எல்லாம் போட்டானுவ. குத்தம் இல்லன்னு எழுதையில மட்டும் எதுக்கு வேற பேரு?”

நிபந்தனையைப் பற்றிச் சொன்னேன். அவர் காது கொடுக்கவில்லை.

இதை எழுதுமுன், இதிலாவது இறந்தவரின் உண்மைப் பெயரைப் போடலாமா என்று ஒரு வக்கீலிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். மூட்டை இறக்க வந்தவரின் பெயர் இன்றுவரை அந்த அறிக்கையில் மட்டும்தான் அச்சில் இருக்கிறது.